சேவை சங்கம்: சேரும் முன்பும் பணம் கொடுக்கும் முன்பும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சிறிய சேவை சங்கம் ஒன்றில் முதலில் செயலாளராகவும் அப்புறம் சில வருடம் பொருளாளராகவும் இருந்தவன் எழுதுவது இது. உண்டியலோடு நிற்கும்போதும் முகாம் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வரும். சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள், சிலர் சந்தேகத்தோடு. சந்தேகத்தோடு கேட்பவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், பதிலை அவர்கள்தான் முழுசாகக் காது கொடுத்துக் கேட்பார்கள். வரிசை எதுவும் இல்லை, வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

சேவை சங்கமும் அறக்கட்டளையும் ஒன்றா?

இல்லை. அறக்கட்டளைக்குப் பெரும்பாலும் ஒரு மூலதனம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள். எங்களிடம் இரண்டும் கிடையாது. பகலெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கிற இருபது முப்பது பேர் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கூடி, அடுத்து என்ன செய்யலாம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யார் அலைவது என்று பேசி முடிவெடுக்கிறோம். அவ்வளவுதான் சங்கம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். லயன்ஸ், ரோட்டரி இரண்டிலுமே சங்க ஆண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடியும். ஒருவரே நாற்காலியோடு ஒட்டிக்கொள்ள முடியாது என்பது இதில் உள்ள நல்ல விஷயம். போன தலைவர் ஆரம்பித்ததை வந்த தலைவர் கிடப்பில் போட்டுவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்குவது இதில் உள்ள தொல்லை. எங்கள் சங்கத்திலும் நடந்திருக்கிறது.

இந்த மாதிரி சங்கங்கள் எப்படி ஆரம்பித்தன?

சேவைக்காக ஆரம்பிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு ஓர் அலுவலக அறையில் கூடினார். பெரிய நகரத்தில் யாரையும் தெரியாமல் தொழில் நடத்துபவர்கள் பழகிக்கொள்ளவும் ஒருவர் தொழிலுக்கு மற்றவர் கை கொடுக்கவும் அமைந்த கூட்டம் அது. இந்த வாரம் இவர் அலுவலகம், அடுத்த வாரம் அவர் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர். கொஞ்ச நாளிலேயே, நமக்குள் மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் இது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி வந்துவிட்டது. அவர்கள் ஊருக்காகக் கையில் எடுத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா, பொதுக் கழிப்பறை. சிகாகோவில் அதற்காக முன்னின்று பாடுபட்டார்கள். எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்.

கிவானிஸ் என்ற இன்னொரு சேவை சங்கம் 1915-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தொடங்கியது, அதுவும் முதலில் தொழில் பழக்கத்துக்காகத்தான். 1917-ல் சிகாகோவைச் சேர்ந்த மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர், தொழில் லாபத்தைத் தாண்டி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று அங்கங்கே இருந்த சங்கங்களைச் சேர்த்து உருவாக்கியதுதான் லயன்ஸ், தமிழில் அரிமா சங்கம்.

லயன்ஸ் என்றாலே கண் முகாம் ஞாபகம் வருகிறதே, ஏன்?

1925-ல் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த அவர்கள் மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதுவே அவர்கள் அடையாளமாகிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து, 1930-ல், அமெரிக்காவின் பியோரியா நகர லயன்ஸ் சங்கத் தலைவர் ஜார்ஜ் பான்ஹாம், கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்க முடியாமல் ஒரு பார்வையற்றவர் தவிப்பதைப் பார்த்தார். சாலையும் கறுப்பு, தடியும் கறுப்பு, வண்டி ஓட்டுபவர் கண்ணில் எப்படிப் படும்? தடிக்கு வெள்ளை அடித்து ஒரு சிவப்புப் பட்டை போட்டார்கள். அதே வருடம் அந்த நகரில், வெள்ளைத் தடியோடு வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று சட்டமும் வந்தது. இதில் ஒரு டப்பா பெயின்ட்டைத் தவிரச் செலவு என்று என்ன இருக்கிறது?

உள்ளூர் சங்கத்தால் உண்மையிலேயே பெரிய காரியம் ஏதாவது நடக்குமா?

தனியாக நடக்காது, ஆயிரக்கணக்கான சங்கங்கள் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் விடாமல் இருந்தால் நடக்கும். போலியோ அதற்கு உதாரணம். ரோட்டரி 1985-ல் உலக அளவில் கையில் எடுத்தது. 1988-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவற்றோடு சேர்ந்து கூட்டு இயக்கமானது. அந்த வருடம் 125 நாடுகளில் சுமார் 3,50,000 பேருக்கு போலியோ வந்ததாக மதிப்பீடு. இப்போது இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி மிஞ்சியிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும்தான். இதில் உள்ளூர் உறுப்பினர் செய்தது பெரும்பாலும் வீடு வீடாகப் போவது, குளிர்பெட்டியைத் தூக்குவது, சொட்டு மருந்து போட்ட குழந்தையின் விரலில் மை வைப்பது. சலிப்பூட்டும் வேலைதான்.

பணக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கூடும் இடம்தானே இது?

அப்படியும் சில சங்கங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பதவியேற்பு விழாவுக்குச் செலவழித்ததில் பாதியைக் கூட அந்த வருடச் சேவைக்குச் செலவழிக்காத சங்கத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சங்கத்தில் தச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை, மருந்துக்கடைக்காரர், இரண்டு வங்கி ஊழியர்கள் என்று கலந்துதான் இருக்கிறோம். சேர நினைத்தால் எந்தச் சங்கத்துக்கும் முதலில் விருந்தினராகப் போய் இரண்டு கூட்டம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் மாலை மரியாதைக்கு எவ்வளவு நேரம், வேலையைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். வேறு விசாரணையே தேவையில்லை.

பெண்கள் சேரலாமா? கல்லூரிப் பிள்ளைகள்?

தாராளமாக. ஆனால் சுலபமாகக் கிடைத்த இடம் இல்லை அது. கலிபோர்னியாவில் டுவார்டே என்ற ஊர் ரோட்டரி சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தார்கள். வழக்கு பல வருடம் ஓடி, 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களை விலக்கி வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. லயன்ஸும் அதே வருடம் கதவைத் திறந்தது. லயன்ஸுக்கு முதல் பெண் அகில உலகத் தலைவர் 2018-ல், ரோட்டரிக்கு 2022-ல்.

இளைஞர்களுக்கு லியோ, இன்டராக்ட், ரோட்டராக்ட், கீ கிளப் என்று தனித்தனியாக இருக்கின்றன. பெரியவர்கள் நாள் முழுக்க விவாதிப்பதை அவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நான் கொடுக்கும் நன்கொடையில் உங்கள் கூட்டச் செலவும் அடக்கமா?

இதுதான் முக்கியமான கேள்வி, இதைக் கேட்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பேன்.

ஒழுங்கான சங்கத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று நிர்வாகக் கணக்கு. உறுப்பினர் சந்தா அதில் போகும். கூட்ட வாடகை, தபால், தலைமைக்குச் செலுத்தும் தொகை, விழாச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். இன்னொன்று சேவைக் கணக்கு. பொதுமக்கள் கொடுத்தது, நிகழ்ச்சி நடத்தித் திரட்டியது, உண்டியலில் விழுந்தது எல்லாம் இதில் போகும், பொதுமக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். லயன்ஸ் சங்கங்களுக்கு இது எழுதப்பட்ட விதியே. நிர்வாகத்தில் மிச்சமானதைச் சேவைக்குத் தாராளமாகத் தள்ளலாம். சேவையிலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு காசு இறங்கக் கூடாது. 'அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பொருளாளரான புதிதில், மண்டப வாடகை கட்டக் கடைசி நாள், நிர்வாகக் கணக்கில் பணம் போதவில்லை, சேவைக் கணக்கில் நிறைய இருந்தது. 'ரெண்டும் நம்ம கணக்குதானே தம்பி' என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். நான் மாட்டேன் என்றதும் முகம் சுளித்தார். அன்று ராத்திரி ஆளுக்குக் கொஞ்சமாகக் கையிலிருந்து போட்டு வாடகையைக் கட்டினோம். அந்த வருடம் முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறு வருடம் அவரே கணக்குத் தணிக்கைக்கு உட்கார்ந்தார், அப்போது ஒவ்வொரு ரசீதையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் என்பது தனிக் கதை.

எதில் அதிகப் பணம் வருகிறது?

வெளியிலிருந்து பார்க்க இசை நிகழ்ச்சி, ஓட்டப் பந்தயம் மாதிரிப் பெரிய நிகழ்ச்சிகளில்தான் கொட்டும் என்று தோன்றும். கொட்டத்தான் செய்யும், ஆனால் வந்த வேகத்திலேயே வெளியே போகும். அரங்கு, ஒலிபெருக்கி, அனுமதி, காப்பீடு, பனியன், பதக்கம், ஆம்புலன்ஸ். நூறு பங்கு வசூலாகி எழுபது பங்கு செலவானால் மிச்சம் முப்பது. அந்த முப்பதுக்கு முப்பது பேர் மூன்று மாதம் அலைந்திருப்பார்கள். அதனால் யாராவது 'இவ்வளவு வசூல் செய்தோம்' என்று சொன்னால், செலவு போக எவ்வளவு என்று கேளுங்கள். கூச்சமே படாதீர்கள்.

எங்கள் அனுபவத்தில் அலுங்காமல் வருவது மாதாமாதம் சிறு தொகை தருவதாகச் சொல்லித் தவறாமல் தருபவர்களின் பணம்தான். மேடை இல்லை, பேனர் இல்லை. அப்புறம் பழைய புத்தக விற்பனை. தானமாக வந்த புத்தகம் என்பதால் முதலீடே இல்லை, ஆனால் மிஞ்சுவதைத் திரும்ப யார் வீட்டு மாடியில் அடுக்குவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை.

குலுக்கல் சீட்டு நல்ல வசூல் தரும், ஆனால் பல நாடுகளில் அதற்கு லாட்டரிச் சட்டம் பொருந்தும். அனுமதி தேவையா என்று கேட்காமல் சீட்டு அச்சடிக்கப் போகாதீர்கள்.

உண்டியல் பணத்தை யார் எண்ணுவார்கள்?

ஒரே ஆள் எண்ணவே கூடாது. நாங்கள் செய்வது இப்படி: உண்டியலின் மூடியில் காகிதம் ஒட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எண் எழுதிவிடுவோம். திரும்பி வந்ததும் காகிதம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, மேஜைமேல் துணி விரித்துக் கொட்டி, நோட்டு தனி, நாணயம் தனியாகப் பிரித்து, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணி, அங்கேயே சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். மறுநாள் வங்கியில் அதே தொகை விழ வேண்டும். உண்டியலிலிருந்து சில்லறைச் செலவுக்கு எடுத்துவிட்டு மீதியைக் கட்டுவது எங்கள் சங்கத்தில் இல்லை, ஆட்டோ கூலியாக இருந்தாலும் சரி. இருவர் எண்ணுவது யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டால் எண்ணியவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ரசீதுப் புத்தகத்துக்கும் இதே கண்டிப்பு. வரிசை எண் இருக்க வேண்டும், பிழையாக எழுதியதைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு தாள் காணாமல் போய், யாரும் பணம் வாங்கியிருக்கவில்லை, புத்தகத்தை வைத்திருந்தவர் வீட்டுக் குழந்தை படம் வரைந்து விளையாடியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற வரை ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

ஆன்லைனில் அனுப்பலாமா?

அனுப்பலாம். பணம் போகுமுன் திரையில் வரும் பெயர் சங்கத்தின் பெயரா, தனிநபர் பெயரா என்று பாருங்கள். தனிநபர் பெயராக இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது நானாகவே இருந்தாலும்.

சிறிய தொகை கொடுக்கக் கூச்சமாக இருக்கிறதே?

ரோட்டரி அறக்கட்டளை என்று இன்று உலகம் முழுக்க வேலை செய்யும் நிதி இருக்கிறதே, அதற்கான யோசனையை 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்பவர் முன்வைத்தார். வந்து சேர்ந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். ஒரு சங்கத்தின் கணக்கில் மிஞ்சிய தொகை அது.

பழைய துணி, பழைய கண்ணாடி வாங்கிக்கொள்வீர்களா?

துணி என்றால் நீங்களே நாளைக்கு உடுத்தி வெளியே போகிற நிலையில் இருக்க வேண்டும். பட்டன் அறுந்தது, கழுத்து நைந்தது, துவைக்காதது எல்லாம் வேண்டாம். பிரித்து அடுக்கவும் குப்பையை அப்புறப்படுத்தவும் எங்களுக்கு ஆகும் செலவு துணியின் மதிப்பைவிட அதிகம். வெள்ளம் புயல் சமயத்தில் இது இன்னும் மோசம், துணி மூட்டைகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், மருந்து வண்டி உள்ளே வர முடியாது. அப்போது பணம்தான் உதவி.

கண்ணாடி வாங்குவோம். ஆனால் கையோடு யாருக்கும் மாட்டிவிட முடியாது. கழுவி, லென்ஸின் பவரைக் கருவியில் அளந்து, வகை பிரித்து, கண் பரிசோதித்தவருக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்க வேண்டும். இதற்கென்றே லயன்ஸுக்குச் சில நாடுகளில் மறுசுழற்சி மையங்கள் உண்டு. கீறல் விழுந்தது பயன்படாது.

ரத்த தான முகாமில் நிறையப் பேர் கொடுத்தால்தானே நல்லது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் முகாமில் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்பட்டபோது, ரத்த வங்கியிலிருந்து வந்த மருத்துவர் சிரித்துவிட்டு, 'இதில் பாதிப் பேரை ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன்' என்றார். சிவப்பணுக்களைக் குளிரில் அதிகபட்சம் 42 நாள் வரை வைக்கலாம், தட்டணுக்கள் பொதுவாக ஐந்து நாளைத் தாண்டாது. ஜூன் 14 உலக ரத்த தான நாள். அன்று எல்லாச் சங்கமும் முகாம் நடத்தினால் ஆகஸ்டில் யார் கொடுப்பார்கள்? இப்போது நாங்கள் ரத்த வங்கியிடம் கேட்டுத்தான் தேதி குறிக்கிறோம். பெரும்பாலும் பரீட்சைக் காலத்திலும் நீண்ட விடுமுறையிலும்தான் தட்டுப்பாடு வருகிறது, எங்களுக்கு ஆள் கிடைப்பதும் அப்போதுதான் கஷ்டம்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள், ராத்திரி சரியாகத் தூங்காமல் வராதீர்கள். கொடுத்ததும் எழுந்து ஓடாமல் பத்து பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான்.

கண் முகாம் முடிந்ததும் உங்கள் வேலை முடிந்துவிடுமா?

உண்மையில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் சில வாரம் சொட்டு மருந்து விட வேண்டும், மறுபடி பரிசோதனைக்கு வர வேண்டும். தனியாக இருக்கும் முதியவருக்குச் சொட்டு மருந்து விட யார் இருக்கிறார்கள்? எங்கள் முகாமில் பார்வை திரும்பிய ஒரு பெரியவர் மறு பரிசோதனைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மருந்துப் புட்டி மூடி திறக்காமலே அலமாரியில் இருந்தது. தானாகக் கண்ணில் விட்டுக்கொள்ளக் கை நடுங்குகிறது, பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் உறுப்பினர் பெயரை எழுதிவிடுகிறோம். அவர் போனில் விசாரிப்பது போதாது, நேரில் போய்ப் புட்டியில் மருந்து குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

மரக்கன்று நடுவது?

நட்டது எத்தனை என்பதை விட்டுவிட்டு, இரண்டாவது கோடையைத் தாண்டியது எத்தனை என்று கேளுங்கள். நாங்கள் இப்போது தண்ணீர் ஊற்ற ஆள் உறுதியான எண்ணிக்கைக்கு மேல் நடுவதில்லை.

உதவி வாங்குபவரை எதற்குப் போட்டோ எடுக்கிறீர்கள்?

எடுப்பதை நிறுத்திவிட்டோம். முழுவதும் என்று சொல்ல முடியாது, கணக்குக்காகப் பொருளைப் படம் எடுக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் படிப்புக்கு உதவி வாங்கும் பெண்ணை மேடையில் நிறுத்தி ஐந்து பேர் சேர்ந்து ஓர் உறையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேண்டாம் என்று கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்தோம். தீர்மானம் இரண்டே ஓட்டில் தப்பியது. விளம்பரம் இல்லாவிட்டால் பணம் வராது என்பது எதிர்த்தவர்கள் வாதம், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அரசியல், மதம் உண்டா?

சங்கத்துக்குள் கிடையாது. உறுப்பினர்களுக்கு உண்டு, அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வோம், பாதிப் பேர் விடுவார்கள்.

ஒரு திட்டத்துக்கென்று கொடுத்த பணம், அந்தத் திட்டமே நடக்காவிட்டால் என்ன ஆகும்?

கொடுத்தவரைக் கேட்க வேண்டும். சக்கர நாற்காலிக்கென்று வந்த பணத்தை நீங்களாகவே நூலகத்துக்கு மாற்றக் கூடாது. பெரிய தொகை கொடுத்தவரிடம் நேரில் கேட்டு எழுதி வாங்குவோம். உண்டியலில் போட்டவரைத் தேட முடியாது என்பதால், உண்டியலில் எப்போதும் ஒரே திட்டத்தின் பெயரை மட்டும் எழுதாமல் 'அல்லது அதுபோன்ற பொதுச் சேவைக்கு' என்று சேர்த்துவிடுகிறோம். பின்னாளில் அந்த ஒரு வரி நிறையத் தலைவலியைக் குறைக்கும்.

கணக்கை நான் பார்க்கலாமா? உறுப்பினர் இல்லையே.

எங்களிடம் பார்க்கலாம். வருடம் முடிந்ததும் சேவைக் கணக்கின் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். மற்ற சங்கங்களிலும் கேட்டுப் பாருங்கள். உடனே எடுத்துக் காட்டினால் சரி. 'எதற்குக் கேட்கிறீர்கள்' என்று திருப்பிக் கேட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

பணமும் இல்லை, வாராவாரம் வர நேரமும் இல்லை. என்னால் ஏதாவது ஆகுமா?

ஆகும். கணக்கு எழுதத் தெரிந்தவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர், மூன்று பேரும் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. கண் முகாமுக்கு அடுத்த வாரம் நான்கு பேரை மறு பரிசோதனைக்குக் கூட்டிப்போய் வீட்டில் விட ஒரு காலை நேரம் போதும். சேரச் சொல்லி நச்சரிக்க மாட்டோம். வரும்போது கார்ச் சாவியோடு பொறுமையையும் எடுத்து வாருங்கள், நால்வரில் ஒருவர் கட்டாயம் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பார், பாதி வழியில்தான் சொல்வார்.